சுருதி சேராத கித்தார்

மின்கித்தார் நம் வட்டாரத்துக்குப் புதிய கருவி அன்று. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடன் வாசித்த 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்திச் சென்றனர். அதன் பின்னர் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய்ப் பாடல் உலகில் 'போப் யே யே' என்ற பெயரில் ஒரு காலமே உருவாயிற்று. இன்றும் திருமண விருந்திலும், தீபாவளிக் கலை நிகழ்ச்சியிலும், பள்ளி ஆண்டு விழாவிலும் நம் பிள்ளைகள் மின்கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறுவதைக் காண்கிறோம்.

ஆனால், கருவி வீட்டுக்கு வந்த அளவுக்கு அதைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை. ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். பெற்றோர் சில நூறு வெள்ளி கொடுத்து ஒரு கித்தார் வாங்கித் தருகிறார்கள். அவன் கைத்தொலைபேசியில் உள்ள சுருதிகாட்டியைப் பார்த்து ஆறு தந்திகளையும் ஒழுங்காகச் சேர்க்கிறான். முதல் பாட்டு இனிக்கிறது. கை, கழுத்தின் நடுப்பகுதியைத் தாண்டிப் போனதும் கசக்கிறது. ஆணியைத் திருகுகிறான். அங்கே சரியாகிறது, இங்கே கெடுகிறது. மறுபடியும் திருகுகிறான். இப்படிச் சில வாரம் போராடிவிட்டு, "எனக்குச் சுருதி ஞானம் இல்லை" என்று கருவியை அலமாரியின் மேல் போட்டுவிடுகிறான். பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், கசப்பு கேட்கிறது என்றாலே அவனுக்குக் காது இருக்கிறது. பிசகு கருவியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அந்த முறையைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் இரண்டு காரியங்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சுருதி சேர்த்தல். விரல் வைக்காமல் மீட்டும்போது ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய சுரத்தில் நிற்கும்படி முறுக்குவது அது. தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரையில் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வழக்கமான வரிசை. ஐந்தாம் தந்தியான ஏ, விநாடிக்கு 110 அதிர்வு கொள்ளும். உலக அளவுகோலாக வைக்கப்பட்டுள்ள 440 அதிர்வின் கால் பங்கு அது.

மற்றொன்று, இண்டோனேஷன் எனப்படுவது. தந்தியைச் சும்மா மீட்டும்போது சரியாக ஒலித்தால் மட்டும் போதாது. கழுத்தின் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அந்த இடத்துக்குரிய சுரம் சரியாக வர வேண்டும். இதுதான் இண்டோனேஷன். நாம் சொன்ன மாணவனின் தொல்லை இதில்தான் இருக்கிறது. ஆனால் அவன் திருகிக்கொண்டிருப்பதோ சுருதி சேர்க்கும் ஆணியை. தலைவலிக்குக் கால் மருந்து பூசினால் எப்படி?

இந்த வேறுபாடு விளங்குவதற்கு வீணை நமக்குத் துணை செய்யும். வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. அவை மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. நாளடைவில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால், வல்லவர் ஒருவர் மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு மெட்டுகளை மீண்டும் உரிய இடத்தில் நிறுத்துவார். மேளம் கட்டுதல் என்று இதைச் சொல்வார்கள். கித்தாரின் மெட்டுகளோ மரத்தில் அறுத்த பள்ளத்தில் இறுக அடிக்கப்பட்ட உலோகத் துண்டுகள். அவற்றை நகர்த்த முடியாது. நகர்த்தக்கூடியது தந்தியின் மறுமுனை மட்டுமே. வீணையைப் போலவே கித்தாரிலும் அந்த முனையில் தந்தியைத் தாங்குவதைக் குதிரை என்றே சொல்லலாம். மின்கித்தாரின் குதிரை மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு உலோகத் தாங்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குச் சேணம் என்று பொருள்படும் பெயர். குதிரை மேல் சேணம் இருப்பது பொருத்தம்தானே! நாமும் அப்படியே அழைப்போம்.

இந்தச் சேணத்தை ஏன் நகர்த்த வேண்டும்? மெட்டுகள் கணக்குப்படி அடிக்கப்பட்டவைதாமே என்று கேட்கலாம். ஆம், கணக்குத் துல்லியமானதுதான். ஃபெண்டர் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்டிராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரை எடுத்துக்கொள்வோம். அதன் தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். அது 36.4 மில்லிமீட்டர். மீதியை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இப்படியே போனால் 12ஆம் மெட்டு சரியாகப் பாதி நீளத்தில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். பாதி நீளத்தில் அழுத்தினால் ஒரு முழு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு, விரல் படாத தந்திக்கு உரியது. தந்தி மெட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. நாம் விரலால் அழுத்தும்போது அது கீழே வளைந்து சிறிது இழுபடுகிறது. இழுபட்டால் முறுக்கம் ஏறும். முறுக்கம் ஏறினால் சுரமும் ஏறும். அன்றியும், எஃகுத் தந்திக்கு ஒரு விறைப்பு உண்டு. தடித்த தந்திக்கு அது கூடுதல். அதுவும் சுரத்தை மேலே தள்ளுகிறது. இந்த ஏற்றத்தை ஈடு செய்யத் தந்தியைக் கணக்குக்கு மேல் சிறிது நீளமாக்க வேண்டும். எவ்வளவு என்பது தந்திக்குத் தந்தி வேறுபடும். ஆகவேதான் ஆறு சேணங்களும் தனித்தனியே முன்னும் பின்னும் நகரும்படி அமைக்கப்பட்டுள்ளன. கிப்சன் நிறுவனமும் அதே 1954ஆம் ஆண்டில் இத்தகைய குதிரை ஒன்றைத் தன் கித்தாரில் பொருத்தி விற்றது. ஃபெண்டரின் பழைய முறை டெலிகாஸ்டரில் ஆறு தந்திக்கும் மூன்றே சேணங்கள். இரண்டு தந்தி ஒரு சேணத்தைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, வேலையைத் தொடங்குவோம். இதில் வரிசை முக்கியம். முந்திய படியைச் சரிசெய்யாமல் பிந்திய படிக்குப் போனால் செய்த வேலை வீணாகும்.

முதற்படி, புதிய தந்தி. நம்முடைய காற்றில் ஈரம் மிகுதி. பெரும்பாலான நாள்களில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கை வியர்வையும் சேர்ந்துகொள்ள, தந்தி விரைவில் துருப்பிடிக்கும், அழுக்குப் படியும், மெட்டு படும் இடங்களில் தேயும். ஒரு தந்தி முனைக்கு முனை ஒரே கனமாக இருந்தால்தான் கணக்குப்படி ஒலிக்கும். அங்கங்கே கனம் மாறிய தந்தியை எந்தச் சேணத்தாலும் திருத்த முடியாது. ஆகவே, பழைய தந்தியை வைத்துக்கொண்டு இண்டோனேஷன் பார்க்கவே கூடாது. புதிய தந்தி போட்டதும் மெல்லக் கையால் இழுத்து விட்டு, இறங்கிய சுருதியைச் சேர்த்து, மறுபடியும் இழுத்து விட வேண்டும். இழுத்தாலும் சுருதி இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். வாசித்து முடித்தபின் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து வைத்தால் அதன் ஆயுள் நீளும்.

இரண்டாம் படி, கழுத்து. கித்தாரின் கழுத்து முற்றிலும் நேராக இராது. தந்தி அதிர இடம் தரும்படி மிகச் சிறிய குழிவு வேண்டும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே சமயத்தில் தந்தியை அழுத்திப் பிடித்து, எட்டாம் மெட்டின் அருகே பார்த்தால், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். மழைக்கால ஈரத்திலும் குளிர்சாதன அறையின் வறட்சியிலும் மரம் வளைந்து கொடுக்கும். அப்போது இந்த இடைவெளி மாறும். கழுத்தினுள் பதித்த எஃகுக் கம்பியைத் திருகி இதைச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு வேளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. திருகாணி அசைய மறுத்தால் வலுவைக் காட்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதே நலம்.

மூன்றாம் படி, தந்தியின் உயரம். தந்தி மிக உயரமாக நின்றால் அழுத்தும்போது மிகுதியாக இழுபட்டு எல்லா இடத்திலும் சுரம் ஏறும். மிகத் தாழ்ந்தால் மெட்டில் பட்டு இரையும். கடைசிப் பகுதி மெட்டுகளுக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய உயரம் பலருக்கும் ஒத்துவரும்.

நான்காம் படியில் தலைப்பக்கத்தைப் பார்ப்போம். அங்கே தந்திகள் கடந்து செல்லும் ஆறு பள்ளங்கள் உள்ள சிறு கட்டை ஒன்று உண்டு. நட் என்பார்கள். மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேல் பாருங்கள். தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் அந்தப் பள்ளம் ஆழம் போதவில்லை என்று பொருள். அத்தகைய கித்தாரில் 12ஆம் மெட்டு சரியாக இருந்தாலும் முதல் மூன்று மெட்டுகள் ஏறி ஒலிக்கும். புதிதாகக் கற்பவர்கள் வாசிப்பதெல்லாம் அந்த மூன்று மெட்டுகளில்தான். விலை மலிந்த கித்தார்களில் அடிக்கடி காணப்படும் குறை இது. பள்ளத்தை அரத்தால் இழைத்துத் தாழ்த்த வேண்டும். இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆதலால் இது பழகிய கையின் வேலை.

ஐந்தாம் படி பலருக்கும் தெரியாதது. மின்கித்தாரின் ஓசையைப் பிடிப்பது தந்திக்கு அடியில் உள்ள காந்தம். பிக்கப் என்கிறோம். ஓசை பெருகட்டும் என்று அதைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்திவிட்டால், காந்தம் எஃகுத் தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் குலைக்கும். தடித்த தந்தியில் உயர்ந்த மெட்டுகளை வாசிக்கும்போது ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து நடுங்குவதுபோலக் கேட்கும். சுருதிகாட்டியின் முள்ளும் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். பிக்கப்பைத் தாழ்த்தினால் போதும், நடுக்கம் நின்றுவிடும்.

இவை ஐந்தும் முடிந்த பிறகே சேணத்துக்கு வருகிறோம். தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போன்ற ஒலி எழும். ஹார்மோனிக் என்பது இதுதான். தந்தியின் உண்மையான ஸ்தாயி அது. பிறகு அதே 12ஆம் மெட்டில், பாட்டில் அழுத்துவது போலவே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தத் தந்திக்கு வேலை இல்லை.

அழுத்திய சுரம் ஏறியிருந்தால், தந்தியின் நீளம் போதவில்லை; சேணத்தைக் கழுத்தை விட்டு விலக்கிப் பின்னே இழுக்க வேண்டும். அழுத்திய சுரம் தாழ்ந்திருந்தால், சேணத்தைக் கழுத்தை நோக்கி முன்னே தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தந்தியைச் சற்றுத் தளர்த்தி, திருகாணியைத் திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்த பின்பே சோதிக்க வேண்டும். சுருதி சேர்க்காமல் சோதித்தால் முடிவு பொய்யாகும்.

எவ்வளவு நகர்த்துவது? இதற்கும் ஓர் அளவு உண்டு. 1885ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர் சுர இடைவெளிகளை அளக்கச் சென்ட் என்ற அலகை எடுத்துரைத்தார். அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளுக்கு இடையே 100 சென்ட். ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட். இன்றைய சுருதிகாட்டிகள் இந்த அலகில்தான் பிசகைக் காட்டுகின்றன. 648 மில்லிமீட்டர் கித்தாரில் சேணத்தை ஒரு மில்லிமீட்டர் பின்னே இழுத்துச் சுருதி சேர்த்தால், 12ஆம் மெட்டு ஏறத்தாழ 2.7 சென்ட் இறங்கும். 5 சென்ட் ஏறியிருக்கிறது என்றால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தலாம் என்று மதிப்பிட்டுக்கொண்டு தொடங்கலாம்.

வேலை முடிந்ததும் சேணங்களின் வரிசையைப் பாருங்கள். முதல் தந்தியின் சேணம் கழுத்துக்கு மிக அருகில் இருக்கும். இரண்டாவது சற்றுப் பின்னே. சுற்றுக்கம்பி இல்லாத மூன்றாவது அதற்கும் பின்னே. நான்காவது மீண்டும் முன்னே வந்து, ஐந்தாவதும் ஆறாவதும் படிப்படியாகப் பின்வாங்கும். இந்தப் படிக்கட்டுத் தோற்றம் வந்திருந்தால் வேலை பெரும்பாலும் சரி. ஆறும் ஒரே கோட்டில் நின்றால் மறுபடியும் சோதிப்பது நல்லது.

இனி, வேறொரு தொல்லை. சேர்த்த சுருதி ஒரு பாட்டு முடிவதற்குள் கலைந்துவிடுகிறது என்பார்கள். உடனே முறுக்காணிகள் பழுது என்று மாற்றிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் குற்றவாளி நட் கட்டைதான். தந்தி அதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. ஆணியைத் திருகும்போது டிக்கென்று ஓர் ஓசை வந்தால் அதுவே அடையாளம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தபின் சுருதி தாழ்ந்து நின்றால் அதுவும் அடையாளம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிச் செல்லும். காசில்லாத மருந்து இது. சுருதி சேர்க்கும்போதும், மேலிருந்து இறக்கி நிறுத்தாமல், கீழேயிருந்து ஏற்றி நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஆணியின் பற்சக்கரத்தில் தளர்வு இராது.

டிரெமோலோ என்னும் கைப்பிடி கொண்ட மிதக்கும் குதிரையாக இருந்தால் இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். அங்கே ஆறு தந்திகளும் ஒரு பக்கம் இழுக்க, உள்ளே இருக்கும் வில்சுருள்கள் மறுபக்கம் இழுக்கின்றன. ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். ஆகவே, ஒரே சுற்றில் சேராது. ஆறு தந்தியையும் மூன்று நான்கு முறை சுற்றி வந்து சேர்க்க வேண்டும். மேடைக்குப் போகும்போது வெப்பத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். எஃகு குளிர்ந்தால் சுருங்கிச் சுருதி ஏறும். விளக்கின் சூட்டில் விரிந்து இறங்கும். வெயிலில் வந்த கித்தாரைக் குளிர்சாதன மண்டபத்தில் சற்று நேரம் வைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு கசப்பு மிஞ்சும். அதையும் சொல்லிவிடுவது கடமை. ஈ மேஜர் என்னும் கூட்டுச்சுரத்தில் மூன்றாம் தந்தியின் முதல் மெட்டு, ஈயை ஆதார சட்ஜமாகக் கொண்டால் அந்தர காந்தாரமாகும். இயற்கையான காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது. கித்தாரின் மெட்டு தருவதோ 400 சென்ட். 14 சென்ட் ஏற்றம். தம்பூராவின் சுருதியில் பழகிய காது இதைக் கண்டுகொள்ளும். கண்டுகொண்ட மாணவன் மூன்றாம் தந்தியை இறக்குகிறான். ஈ மேஜர் தேனாகிறது. அடுத்து ஜி மேஜர் வாசித்தால் அதே தந்திதான் சட்ஜம். இப்போது அது தாழ்ந்து கிடக்கிறது. ஹார்மோனிக்குகளை மட்டும் ஒப்பிட்டுச் சுருதி சேர்ப்பவர்களுக்கும் இப்படியே. தந்திக்கு 2 சென்ட் வீதம் பிசகு சேர்ந்து, ஆறாம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்திக்கு வருவதற்குள் 6 சென்ட் ஆகிவிடும்.

இது பழுது அன்று. எல்லாச் சுரத்தையும் சட்ஜமாக வைத்து வாசிக்க வேண்டும் என்பதற்காக, பிசகை எல்லா மெட்டுக்கும் சமமாகப் பங்கிட்டு வைத்த ஏற்பாடு. பியானோவிலும் இதே ஏற்பாடுதான். எந்தத் திருகாணியும் இதை மாற்றாது. விரல்தான் ஓரளவு மாற்றும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) அசையாத மெட்டுகள் கொண்ட மின் மாண்டலினில் தந்தியை இழுத்தும் வழுக்கியும் கமகங்களோடு கருநாடக இசையை வாசித்துக் காட்டியதை நாம் அறிவோம். அதே விரல், கவனமில்லாமல் மிகுதியாக அழுத்தினால் சரியான கித்தாரையும் பிசகாக ஒலிக்கச் செய்யும். எனவே, இலேசாக அழுத்திப் பழகுவதும் சுருதி சேர்ப்பதன் ஒரு பகுதியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வராது" என்று சொன்னால், அந்தச் சொல்லை உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். எந்தத் தந்தியில், எந்த மெட்டில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் காது இருக்கிறது. அதற்கு வேண்டியது புதிய தந்தி ஒரு தொகுதியும், ஒரு சிறு திருப்புளியும், ஒரு மாலைப் பொழுதும்.